எட்டுப் புள்ளிக்குள் நான்கு பேர்: சக்கர நாற்காலி ரக்பி ஓர் அறிமுகம்

பாராலிம்பிக் என்றதும் மலேசியாவில் நமக்கு உடனே ஞாபகம் வருவது பூப்பந்தில் சியா லீக் ஹாவ், பளுதூக்குதலில் பொன்னி புன்யாவ் குஸ்தின், நீளம் தாண்டுதலில் அப்துல் லத்திஃப் ரொம்லி. கொஞ்சம் மூத்தவர்களுக்குப் பளுதூக்கிய மாரியப்பன் பெருமாளும் நினைவிருப்பார். எல்லாரும் தனியாக நின்று பதக்கம் வென்றவர்கள். அணியாக ஆடும் சக்கர நாற்காலி ரக்பியைப் பற்றிக் கோலாலம்பூரில் பேச்செடுத்தால், "அப்படி ஒரு விளையாட்டு இருக்கா?" என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினால் அடுத்த கேள்வி வந்துவிடும்: "ஏற்கெனவே அடிபட்ட பிள்ளைங்க, இப்படி முட்டிக்கலாமா?"

செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் ஒரு தம்பி இருக்கிறார். மோட்டார் சைக்கிள் விபத்தில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர். அவருக்கு இந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னபோது அவருடைய அம்மா கேட்டது வேறு: "அவன் கிளாஸ் பிடிக்கவே சிரமப்படுறான், பந்தை எப்படிம்மா பிடிப்பான்?" இந்த விளையாட்டு ஏன் பிறந்தது என்பதற்கான பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கிளாஸ் பிடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகத்தான் இதை உருவாக்கினார்கள்.

கையும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களின் ஆட்டம்

சக்கர நாற்காலியில் ஒருவரைப் பார்த்ததும் "கால் வராது" என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். முதுகில் அடிபட்டவருக்குப் பெரும்பாலும் அது சரி. கழுத்தில் அடிபட்டவருக்குக் கையும் சேர்ந்தே போகிறது. எவ்வளவு போகிறது என்பது அடிபட்ட இடத்தைப் பொறுத்தது. டாக்டர் "சி ஃபைவ்", "சி சிக்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார், குடும்பத்தார் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் மேலிருந்து கீழாகப் பிரிகின்றன. 'சி' என்றால் கழுத்துப் பகுதி, எண் மேலிருந்து எண்ணும் வரிசை. சி5 வரை நரம்பு வேலை செய்தால் தோளைத் தூக்கலாம், முழங்கையை மடக்கலாம். மணிக்கட்டை நிமிர்த்த முடியாது. சி6 வரை இருந்தால் மணிக்கட்டு நிமிரும். மணிக்கட்டை மேலே நிமிர்த்தும்போது விரல்கள் தாமாகக் கொஞ்சம் உள்ளே சுருளும். அந்தச் சின்னச் சுருளலை வைத்தே கரண்டி பிடிக்கவும் சட்டை இழுத்துவிடவும் பழகிக்கொள்கிறார்கள். சி7 வரை இருந்தால் மேல்கையின் பின்பக்கத் தசையும் வேலை செய்யும், மடக்கிய கையைப் பலத்தோடு நீட்டலாம். சக்கரத்தைத் தள்ளுவதற்கும் பந்தைத் தலைக்கு மேலிருந்து எறிவதற்கும் அந்தத் தசைதான் வேண்டும். விரல்களை இறுக்கி மூடும் பலம் அதற்கும் கீழே, சி8-இல். ஒரு முள்ளெலும்பு மேலே, ஒரு முள்ளெலும்பு கீழே என்பது ஒரு மனிதர் தானாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடியுமா, முடியாதா என்பதையே தீர்மானித்துவிடும்.

இப்படிக் கையும் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்பு கிடைத்த அணி விளையாட்டு சக்கர நாற்காலிக் கூடைப்பந்துதான். அங்கே வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விரலும் பின்கைத் தசையும் இல்லாதவர் பந்தை அவ்வளவு உயரத்துக்கு எப்படி எறிவார்? ஆகவே ஓரத்திலேயே நின்றார்கள். 1970-களின் நடுவில் கனடாவின் வின்னிபெக் நகரத்தில் இப்படி ஓரத்தில் நின்று சலித்தவர்கள் சிலர், டங்கன் கேம்ப்பெல், ராண்டி டூக் போன்றவர்கள், தங்களுக்கென்றே ஓர் ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டார்கள். மருத்துவர்களோ சங்கங்களோ பார்த்துக் கொடுத்த ஆட்டம் இல்லை, ஆடப் போகிறவர்களே யோசித்த ஆட்டம். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். 1996 அட்லாண்டாவில் செயல்விளக்கமாகக் காட்டப்பட்டு, 2000 சிட்னியில் பாராலிம்பிக் பதக்க விளையாட்டாகிவிட்டது.

ஆட்டம் நடக்கும் விதம்

28க்கு 15 மீட்டர் கூடைப்பந்துத் திடல், உள்ளரங்கில். ஒவ்வோர் அணியிலும் நான்கு பேர். கைப்பந்து அளவுள்ள வெள்ளைப் பந்து. எட்டு நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். எதிரணியின் பக்கம் 8 மீட்டர் நீளக் கோடு ஒன்று இருக்கும். பந்தை வைத்துக்கொண்டு நாற்காலியின் இரண்டு சக்கரங்கள் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒரு கோல். பந்தைப் பெரும்பாலும் மடியில் வைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். ஆனால் 10 விநாடிக்குள் ஒருமுறை தரையில் தட்டவோ இன்னொருவரிடம் கொடுக்கவோ வேண்டும். 12 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், 40 விநாடிக்குள் கோல் போட்டுவிட வேண்டும்.

மோதலாமா என்ற கேள்விக்கு வருவோம். நாற்காலி நாற்காலியை மோதலாம், ஆள் ஆளைத் தொடக் கூடாது. பின்சக்கர அச்சுக்குப் பின்னால் இடித்து எதிராளியின் நாற்காலியைச் சுழற்றிவிட்டாலும் தவறு. தடுக்கும்போது தவறு செய்தவரைக் கொஞ்ச நேரம் தண்டனைக் கட்டத்தில் உட்கார வைப்பார்கள், அவருடைய அணி மூன்று பேரோடு தடுக்க வேண்டும். வீரர்களின் இடுப்பும் காலும் வாரால் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கும். நாற்காலி கவிழும், ஆமாம், சத்தம் வயிற்றைக் கலக்கும். உதவியாளர்கள் ஓடிவந்து நிமிர்த்திவிட்டால் அடுத்த விநாடியே ஆட்டம் தொடரும்.

முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இதில் கோல் விழுவது பெரிய செய்தி இல்லை. நல்ல அணியிடம் பந்து போனால் பெரும்பாலும் கோல்தான், ஓர் அணிக்கே ஐம்பது கோல் போல வரும். பந்தைப் பறிகொடுப்பதுதான் செய்தி. இரண்டு முறை பறிகொடுத்த அணி பல நேரம் அந்த ஆட்டத்தையே இழந்துவிடும். கால்பகுதி முடியும் கடைசி முப்பது விநாடியில் பந்து யாரிடம் இருக்கிறது என்பதற்காகவே இரண்டு அணிகளும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். கோட்டருகே வந்தவர் உள்ளே போகாமல் நிற்பதைப் பார்த்து "ஏன் நிக்கிறான்?" என்று கேட்காதீர்கள். கடிகாரத்தைப் பார்க்கிறார்.

புள்ளிக் கணக்கு

இந்த விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் 0.5-இலிருந்து 3.5 வரை, அரை அரையாக ஏறும் ஒரு புள்ளி உண்டு. கையிலும் உடலின் நடுப்பகுதியிலும் அசைவு எவ்வளவு குறைவோ, புள்ளி அவ்வளவு குறைவு. இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் தசைகளைச் சோதிப்பார்கள், நாற்காலியில் என்ன செய்ய முடிகிறது என்று பார்ப்பார்கள், அப்புறம் ஆட்டத்திலும் கவனிப்பார்கள். திடலில் இருக்கும் நான்கு பேரின் புள்ளிகளைக் கூட்டினால் எட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். திடலில் ஒரு பெண் இருந்தால் அந்த அணிக்கு அரைப்புள்ளி கூடுதலாகக் கிடைக்கும்.

எட்டை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பயிற்சியாளரின் மூளை தெரியும். 3.5, 3.0 என்று வேகமான இரண்டு பேரை இறக்கினால் மிச்சம் ஒன்றரைதான், ஒரு 1.0-உம் ஒரு 0.5-உம் வர வேண்டும். நான்கு பேரையும் 2.0-ஆக வைத்து யார் வேண்டுமானாலும் பந்தோடு ஓடலாம் என்றும் ஆடலாம். உடல்வலு அதிகமுள்ள நான்கு பேரைத் தேடிப் பிடித்து ஜெயித்துவிடலாம் என்ற வழியே அடைபட்டுப் போகிறது. குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் அணியே அமையாது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்பைச் செய்கிறார்கள். புள்ளியை மார்க் மாதிரி பார்க்கிறார்கள். 3.5 வாங்கியவர் கெட்டிக்காரர், 0.5 வாங்கியவர் சுமார் என்று. புள்ளி திறமையை அளப்பதே இல்லை. உடலில் எது வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. 0.5 வீரர் பந்தைத் தொடுவது அபூர்வம். அவருடைய வேலை வழியை அடைப்பது, வழியைத் திறப்பது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கார் இரட்டை வரிசையில் நின்றுவிட்டால், பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த வண்டி வந்தாலும் நிற்க வேண்டியதுதானே? எதிரணியின் வேகமான 3.5-ஐ ஒரு 0.5 சரியான கோணத்தில் போய் மாட்டிவிட்டால், அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை. கையால் முடியாததை இடத்தைக் கணித்துச் செய்கிறார்கள். மூன்று விநாடிக்குப் பிறகு எதிராளி எங்கே இருப்பார் என்று இப்போதே தெரிந்து அங்கே போய் நிற்க வேண்டும். மெதுவாகத்தான் போக முடியும் என்பதால் முன்கூட்டியே கிளம்ப வேண்டும். என்னைக் கேட்டால் திடலில் அதிகம் யோசிப்பவர் அவர்தான்.

ஒரு வீரரின் வாழ்க்கை எப்படிப் போகும்?

உலகம் அறிந்த பெயர் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவின் ரைலி பாட், 1989-இல் பிறந்தவர். கழுத்தில் அடிபட்டவர் இல்லை, பிறக்கும்போதே கால்கள் இல்லை, கைவிரல்கள் ஒட்டியிருந்தன, அறுவை செய்து பிரித்தார்கள். சிறுவயதில் ஸ்கேட்போர்டில்தான் சுற்றினார். சக்கர நாற்காலி என்றாலே வேண்டாம் என்று மறுத்த பையன், 12 வயது வாக்கில் இந்த விளையாட்டைக் கண்ட பிறகுதான் அதில் உட்கார்ந்தார். 15 வயதில் 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஆடினார். 2008-இல் வெள்ளி, 2012-இலும் 2016-இலும் தங்கம். லண்டன் 2012 இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியா கனடாவை 66-51 என்று வென்றபோது, அந்த 66-இல் 37 இவருடையது. 2024 பாரிஸில் வெண்கலம், அது இவருக்கு ஆறாவது பாராலிம்பிக். நடுவுடல் பலம் முழுதாக இருப்பதால் 3.5 புள்ளி. மோதி, திரும்பி, மறுபடி வேகமெடுப்பதைப் பார்த்தால் ஏன் அவ்வளவு புள்ளி என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

ரைலி பாட்டை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். இங்கிலாந்தின் கைலி கிரைம்ஸ் 18 வயதில் நீச்சல்குளத்தில் குதித்தபோது கழுத்தில் அடிபட்டவர். 0.5 புள்ளி. 2012 லண்டனில் ரக்பி ஆடினார், பிறகு தடகளத்துக்குப் போய் 2016 ரியோவில் கிளப் எறிதலில் (பாட்டில் வடிவ மரக்கட்டையை எறியும் போட்டி) கலந்துகொண்டார், மறுபடி ரக்பிக்கே வந்தார். ரியோவுக்குப் பிறகு பிரிட்டன் அணிக்கு அரசு விளையாட்டு நிதி நிறுத்தப்பட்டது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் பணம் தேடிக்கொண்டே ஆடிய அந்த அணிதான் டோக்கியோவில் அமெரிக்காவை 54-49 என்று வென்று தங்கம் எடுத்தது. சக்கர நாற்காலி ரக்பியில் பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் கிரைம்ஸ். 2024-இல் தங்கம் ஜப்பானுக்குப் போனது, ஆசிய நாடு ஒன்றுக்கு இதில் கிடைத்த முதல் தங்கம். அந்த அணியிலும் குராஹாஷி காஎ என்ற பெண் இருந்தார், அவரும் 0.5 புள்ளிக்காரர்.

பெரிய பெயர்களை விட்டுவிட்டு, சாதாரணமாக ஒருவர் வரும் வழியைப் பார்ப்போம். பல பேருக்கு அது ஒரு விபத்தில் தொடங்குகிறது. மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பிழைத்தவர்களில் சிலர் கழுத்து அடியோடு வருகிறார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். மருத்துவமனை, மறுவாழ்வுப் பயிற்சி, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்கள். அந்த நாட்களில் யாரோ ஒருவர், பெரும்பாலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர், "வா, ஒரு தடவை வந்து பாரு" என்று கூப்பிடுகிறார்.

வந்தவர் முதலில் கற்றுக்கொள்வது ரக்பி இல்லை என்று பல வீரர்கள் சொல்வார்கள். தன்னைப் போலவே அடிபட்ட இன்னொருவர் எப்படிச் சட்டை மாட்டுகிறார், எப்படிக் காரில் ஏறுகிறார், சிறுநீர்க் குழாயை எப்படித் தானே பார்த்துக்கொள்கிறார் என்பதையெல்லாம் உடைமாற்றும் அறையில் பார்க்கிறார். எந்த டாக்டரும் இதை இப்படிச் சொல்லித் தர முடியாது. சி6 அடிபட்டவருக்கு இன்னொரு சி6 அடிபட்டவர்தான் வாத்தியார்.

அடுத்தது வகைப்படுத்தல், அதாவது புள்ளியை நிர்ணயிப்பது. சர்வதேசப் போட்டிக்குப் போனதும் புள்ளி அதிகாரபூர்வமாகும். மறுபரிசீலனையில் அது மாறவும் கூடும். அரைப்புள்ளி ஏறினால் பெருமையா என்று கேட்டால், சில நேரம் அது பெரிய அடி. நேற்று வரை 3.5, 2.5, 1.5, 0.5 என்று எட்டுக்குள் பொருந்திய அணி, 1.5 வீரர் 2.0 ஆனதும் எட்டரையாகிவிடும். அதே ஆள், அதே திறமை, ஆனால் அந்த நால்வரில் அவருக்கு இடமில்லை. உடம்பு கொஞ்சமும் மாறாமலே ஒருவர் அணியை இழப்பது இந்த விளையாட்டில் நடக்கக்கூடியது. வீரர்கள் இதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும்.

ஆட்டகாலம் நீளமானது, முப்பது வயதைத் தாண்டியும் பலர் உச்சத்தில் இருக்கிறார்கள். முதலில் தேய்வது தோள்பட்டை. சக்கரம் தள்ளுவதும் தோள், கட்டிலிலிருந்து மாறுவதும் தோள், ஆடுவதும் அதே தோள். ஆகவே நல்ல பயிற்சியாளர் தோளுக்கு ஓய்வு கொடுப்பதையும் பயிற்சிக் கணக்கில்தான் சேர்ப்பார்.

வெயிலும் வியர்வையும்

நம் ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கழுத்தில் தண்டுவடம் முழுதாக அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்வை இல்லையென்றால் உடல் குளிராது. கோலாலம்பூரின் புழுக்கத்தில், குளிரூட்டி இல்லாத மண்டபத்தில் ஆடினால் உடல்சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் இடைவேளைகளில் முகத்திலும் கழுத்திலும் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைப் போர்த்துகிறார்கள். இதயத் துடிப்பும் நம்மைப் போல ஏறாது, பலருக்கு நிமிடத்துக்கு 130-ஐத் தொடுவதே கடினம். அந்தக் குறைந்த துடிப்பை வைத்துக்கொண்டுதான் அவ்வளவு வேகத்தில் போகிறார்கள்.

இன்னொரு ஆபத்து ரத்த அழுத்தம். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, குழாய் மடங்கினாலோ, வார் எங்காவது அழுத்தினாலோ அவருக்கு வலி தெரியாது. ஆனால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை வெடிப்பது போல வலிக்கும், முகம் சிவக்கும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, வார்களைத் தளர்த்தி, காரணத்தைத் தேடி நீக்க வேண்டும். அடங்கவில்லை என்றால் மருத்துவமனைதான். இது உயிருக்கே ஆபத்து. உடல் வேகம் எடுக்கிறது என்பதற்காக இதை வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்வதைச் சர்வதேச பாராலிம்பிக் குழு தடை செய்திருப்பது அதனால்தான்.

நாற்காலி

ஆடும் நாற்காலியில் தெருவில் போக முடியாது, தெருவில் போகும் நாற்காலியில் ஆட முடியாது. ரக்பி நாற்காலியின் சக்கரங்கள் சாய்வாக இருக்கும், கம்பிகளை மூடித் தகடு இருக்கும், பின்னால் கவிழாமல் தாங்கச் சின்னச் சக்கரம் இருக்கும். அதிலும் இரண்டு வகை. பந்தோடு ஓடுகிறவருக்கு முன்பக்கம் வளைந்து உருண்டிருக்கும், யாரும் மாட்ட முடியாமல் நழுவிப் போவதற்காக. தடுப்பவருக்கு முன்னால் நீட்டிய கம்பி இருக்கும், மாட்டிப் பிடிப்பதற்காக. ஆளின் உடலுக்கேற்ப அளவெடுத்துச் செய்வதால் ஒன்றின் விலையே பல்லாயிரம் வெள்ளி. விரல் பிடி இல்லாத குறையைக் கையுறையும் அதில் தடவும் பசையும் ஈடுசெய்யும்.

இங்கே எங்கே நிற்கிறோம்?

2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் விளையாட்டையும் பொழுதுபோக்கையும் அவர்களுடைய உரிமையாகவே சொல்கிறது. கம்போங் பாண்டானில் பாராலிம்பிக் விளையாட்டு மையம் இருக்கிறது. பாராலிம்பிக் தங்கத்துக்கும் ஒலிம்பிக் தங்கத்துக்கும் ஒரே பரிசு, ஒரு மில்லியன் ரிங்கிட். இதையெல்லாம் மனதார வரவேற்கிறேன். ஆனால் பதக்கத்துக்குப் பல வருடம் முன்பே ஒருவருக்குத் தேவைப்படுவது இரவல் கிடைக்கும் ஒரு நாற்காலி, ஏற்றி இறக்கிக் கூட்டிப்போக ஒரு வண்டி, படி இல்லாத ஒரு மண்டபம். செந்தூல் தம்பி வீட்டிலிருந்து கிளம்பி லிஃப்ட், நடைபாதை, ரயில் நிலையம் என்று எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேர்வதே ஒரு பயிற்சிக்குச் சமம்.

நம் குடும்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நீ ஒண்ணும் செய்ய வேணாம், நாங்க பாத்துக்குறோம்" என்பதைப் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பாசத்துக்குள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அடிபடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உட்கார்ந்தே இருப்பதும் உடம்பைக் கெடுக்கும். படுக்கைப்புண்ணும் நெஞ்சுச் சளியும் வீட்டுக்குள் இருப்பவரையும் தேடி வரும்.

முதல் நாள் போகிறவர்களுக்கு: கையிலும் காலிலும் பாதிப்பு இருந்தால் தகுதி உண்டா என்று கேட்கலாம். கழுத்து அடி மட்டுமில்லை, கை கால் குறைந்து பிறந்தவர்களும் பெருமூளை வாதம் உள்ளவர்களும் ஆடுகிறார்கள். மறுவாழ்வு மருத்துவரிடம் கேட்டு, எலும்பும் தோலும் ஆடத் தயார் என்று கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு நாற்காலியை மோதவிட வேண்டாம், அணியின் நாற்காலியை இரவல் கேளுங்கள். முதல் நாள் தள்ளுவது, நிறுத்துவது, திரும்புவது, மடியில் பந்தை வாங்குவது, இவ்வளவுதான் இருக்கும். தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் ஒன்று, மாற்றுச் சட்டை, இறுக்கமான பழைய கையுறை, கூடவே ரத்த அழுத்த அறிகுறிகள் தெரிந்த ஒருவர். திரும்பி வந்ததும் பிட்டம், முதுகு, குதிகால் எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு மறையும் வரை அந்த இடத்தில் அழுத்தம் வேண்டாம், அடுத்த பயிற்சி ஒரு வாரம் தள்ளிப் போனாலும் சரி.